பின்வரிசைக்குக் கேட்காத குரல்

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை நிலையத்தில் மேற்பார்வையாளர் பதவி மூன்றாம் முறையாகக் காலியானபோது ரோலர்காரருக்கு வயது நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்தைத் தாண்டியவரை அந்தப் பதவிக்கு எடுப்பதில்லை என்பது நிலையத்தின் விதி. ஆகவே இம்முறை கிடைத்தால் உண்டு. தவறினால், ஓய்வு பெறும் நாள்வரை ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்திக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். இதை அவரும் அறிவார், அவர் மனைவியும் அறிவார், உடன் வேலை செய்யும் முப்பது பேரும் அறிவார்கள்.

ரோலர் என்பது ஆளுயர இயந்திரம். இருவர் ஈர விரிப்பின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டால், மறுபக்கம் அது அட்டைபோல் விறைத்து வெளியே வரும். முனை ஒரு விரற்கடை கோணினாலும் மடிப்பு விழுந்துவிடும். மடிப்பு விழுந்த விரிப்பு மறுபடி தொட்டிக்குத்தான் போக வேண்டும். இவர் விட்ட விரிப்பு தொட்டிக்குத் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை, குறையெல்லாம் குரலில்தான். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குப் பாதி கேட்கும், எதிரில் நிற்பவருக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். துவாலை மடிக்கும் பிரிவில் இருந்த ஓர் அம்மாள், வாய் ஓயாதவர், அவருக்குச் 'சைலன்சர்' என்று பெயர் வைத்துவிட்டார். "வண்டி நல்லா ஓடுது, சத்தம்தான் வரல" என்று அவர் விளக்கமும் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் குரல் பிறவியிலேயே அப்படி அமைந்ததன்று. கைக்குழந்தையாக இருந்தபோது அவர் அழுத அழுகைக்குத் தெருக்கோடிவரை தலைகள் திரும்பின என்று தாயார் சொன்னதுண்டு. அதை அடக்கியது ஒரு வீடு. வீடு என்றால் ஓர் அறை. அறையின் மூலையில் ஒரு மறைப்பு. மறைப்புக்குப் பின்னால் அடுப்பு. தகப்பனாருக்கு நூற்பாலையில் இரவு வேலை. ஊர் எழுந்து வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அவர் வந்து படுப்பார். இருந்த ஒரே அறையின் நடுவில் பகல் முழுவதும் ஒரு மனிதர் படுத்திருக்க, மற்ற இருவரும் அவரைச் சுற்றிச் சுற்றித்தான் வாழ வேண்டியிருந்தது.

தாயார் அதை ஒரு கலையாகவே பயின்றுவிட்டார். பாத்திரம் எதையும் வெறுந்தரையில் வைக்கமாட்டார். துணியை மடித்துப் போட்டு அதன்மேல்தான் இறக்குவார். கதவின் கீல் முனகாதிருக்கச் சமையல் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுவார். குழாயின் வாயில் ஒரு நீளக் கந்தலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் அதன் வழியே ஓசையின்றி இறங்கும். பையனுக்குப் பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓட வேண்டும். சிலேட்டில் குச்சி கீச்சிடும் என்பதால், அவன் விரலைத் தண்ணீரில் தோய்த்துச் சிமெண்டுத் தரையில் எழுதித்தான் எழுத்துகளைக் கற்றான். கடைசி எழுத்தை எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்து மறைந்துவிடும். புத்தகத்தை உதடு மட்டும் அசைய வாசிப்பான். அவன் வயதொத்த பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவன் பக்கம் பக்கமாக வாசித்தான் என்பது அந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது; அறைக்குள்ளும் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

அக்கம்பக்கத்தார் வியந்தார்கள். "உங்க வீட்ல ஒரு பிள்ளை இருக்குன்னே தெரியலையே! எங்க வீட்லயும் ரெண்டு இருக்குதுங்க, கூரையப் பிச்சுக்கிட்டுப் போகுது" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. தாயாருக்கு முகம் மலர்ந்துவிடும். "எம் பிள்ளை வாயே திறக்க மாட்டான்" என்பார். அந்தப் பெருமையையும் வாசலுக்கு வெளியே வந்து, தணிந்த குரலில்தான் சொல்லிக்கொள்வார்.

பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு வாசிப்புத் தேர்வு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியையின் மேசையருகே நின்று ஒரு பத்தி வாசிக்க வேண்டும். தடையின்றி வாசித்தவர்கள் முதற்பிரிவு. மற்றவர்கள் இரண்டாம் பிரிவு. முதற்பிரிவுக்குப் புத்தக அறையும் சோதனைச்சாலையும் இருந்தன. இரண்டாம் பிரிவுக்கு மரவேலையும் துணிவேலையும் இருந்தன. இரண்டாம் பிரிவு ஒன்றும் இழிவானதன்று. ஆனால் முதற்பிரிவின் கதவு எல்லாத் தெருக்களுக்கும் திறந்தது. இரண்டாம் பிரிவின் கதவு ஒரு சில தெருக்களுக்குத்தான் திறந்தது.

பையன் முறை வந்தது. "படி" என்றார் ஆசிரியை. அவன் படித்தான். "சத்தமாப் படிப்பா" என்றார். அவன் மறுபடியும் படித்தான். உதடுகள் அசைந்தன. பின்னால் நின்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியை கெட்டவர் அல்லர். வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரே நாளில் முடிக்க வேண்டிய தேர்வு, வெயில் வேறு. அவன் தலையைத் தடவி இரண்டாம் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். மறுவாரம் தாயாரைப் பள்ளி வாசலில் பார்த்தபோது அக்கறையோடு சொல்லவும் செய்தார்.

"உங்க பையன் வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

தாயார் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார். அவர் கேட்டுப் பழகிய புகழ்ச்சி அது ஒன்றுதானே? "ஆமாங்க டீச்சர், வீட்லயும் அப்படித்தான். அவனால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்று கை கூப்பிவிட்டுப் பையனைப் பெருமையோடு அழைத்துப் போனார். ஒரு பிள்ளையின் பிற்காலச் சம்பளம் அந்த வாசலில், இருவர் நல்லெண்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தபோதே, ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

அவனுக்கு ஒன்பது வயதானபோது தங்கை பிறந்தாள். அதே ஆண்டு ஆலையில் இரவு வேலையை எடுத்துவிட்டார்கள். தகப்பனார் பகலில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் மனிதரானார். வந்த சில மாதங்களில் ஒரு ரேடியோ வாங்கினார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் ஊர்க்கதை பேசினார். அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், "இன்னிக்கு என்னம்மா நடந்துச்சு? யார் யாரை அடிச்சா? உங்க டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று தினமும் கேட்டார். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். குழாயிலிருந்த கந்தல் எப்போது கழற்றப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை. பையன் அப்போது பெரியவனாகிவிட்டான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் அமைதியானவன் என்பது முடிந்துபோன விஷயம்.

தங்கையும் அதே பள்ளிக்குப் போனாள். அதே வாசிப்புத் தேர்வு, நரை கண்டுவிட்ட அதே ஆசிரியை. அவள் கொடுத்த பத்தியை முடித்து, அடுத்த பத்திக்கும் போய், பக்கத்தையும் புரட்டிவிட்டாள். "போதும்மா, போதும்! மத்த பிள்ளைங்களும் படிக்கணும்ல" என்று ஆசிரியை புத்தகத்தைப் பிடுங்க வேண்டியதாயிற்று. முதற்பிரிவு, கல்லூரி, சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலை, இப்போது அதன் ஒரு கிளைக்கே தலைவி. அவள் ஒரு மாதத்தில் வாங்குவதை ஈட்ட அவள் அண்ணன் மூன்று மாதம் ரோலரடியில் நிற்க வேண்டும். அவள் கல்லூரிக்குப் போன ஆண்டுகளில் அந்த ரோலரடிச் சம்பளமும் அவள் படிப்பில் கலந்திருந்தது. அதை அவர் சொன்னதில்லை, அவள் மறந்ததுமில்லை.

ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பள்ளி, ஒரே ஆசிரியை. இடையில் மாறியது ஆலையின் வேலை நேரம் ஒன்றுதான்.

மேற்பார்வையாளர் பதவிக்கு முதல்முறை நேர்காணல் நடந்தபோது, அப்போதிருந்த மேலாளர் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் சரியாகவே விடை சொன்னார். மேலாளர் இரண்டு முறை முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். பிறகு சாய்வதை நிறுத்திக்கொண்டார். இரண்டாம் முறை, "கொஞ்சம் தன்னம்பிக்கைய வளர்த்துக்கங்க" என்று புத்திமதி கிடைத்தது. இரு முறையும் அவர் தலையாட்டிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினார். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் கேள்வி என்பது ஓசைகளில் ஒன்று.

இம்முறை மேலாளர் புதியவர், இளையவர், கறார்ப் பேர்வழி என்று பெயரெடுத்தவர். நேர்காணல் கிடையாது என்று அறிவித்துவிட்டார். மேற்பார்வையாளரின் அன்றாட வேலையில் முதலாவது, காலையில் இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன் எல்லாரையும் கூட்டி அன்றைய வேலையைச் சொல்வது. எந்த ஆஸ்பத்திரித் துணியைத் தனியே வெளுக்க வேண்டும், எந்த இயந்திரம் பழுது, யார் வரவில்லை, யார் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். போட்டியிட்டவர்கள் இருவர். ஆளுக்கு மூன்று காலை அந்தக் கூட்டத்தை நடத்த வேண்டும். அதைப் பார்த்து முடிவு.

மற்றவள் உலர்த்தும் பிரிவில் இருந்த இளம்பெண், கெட்டிக்காரி, நல்லவளும்கூட. பெயர் கொடுத்த அன்றே அவரைத் தேடி வந்தாள்.

"அண்ணே, நானும் பேர் கொடுத்திருக்கேன். உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"இல்லம்மா."

"என்னண்ணே?"

"இல்லம்மான்னு சொன்னேன்."

"வருத்தம்னா சொன்னீங்க?" என்று அவள் கலங்கிப்போக, பக்கத்திலிருந்த துவாலையம்மாள், "அவரு இல்லன்னுதான் சொன்னாரு. எனக்கு உதடு படிக்கத் தெரியும், கட்டணம் அப்புறம் கொடு" என்று தீர்த்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை ஒத்திகை பார்க்க வந்து சேர்ந்தாள். இப்போது வீட்டில் இரண்டு அறைகள். உள்ளறையில் வயோதிகத் தகப்பனார் படுத்திருந்தார். தாயார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இரவு வேலை பார்த்த உடம்பு, முதுமையில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டிருந்தது. மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை அவர் படுக்கையில் இருப்பார். அதுவரை வீட்டில் எல்லாம் ஓசையின்றி நடக்கும். கலகலப்பான குடும்பத்திலிருந்து வந்த மனைவிகூடக் கல்யாணமான மறுவருடமே பாத்திரத்தைத் துணிமேல் வைக்கப் பழகிவிட்டாள்.

"ஏறுண்ணா" என்று நாற்காலியைக் காட்டினாள் தங்கை. மனைவியும் பத்து வயது மகளும் எதிரே நின்றார்கள்.

"எதுக்கு?"

"அங்க மரப்பலகை மேல நின்னுதானே பேசணும்? ஏறு. நாங்க மூணு பேரும் முப்பது பேருன்னு வச்சுக்க. அண்ணி, நீங்க பத்துப் பேர். குட்டி, நீ பத்துப் பேர். நான் பத்து. எப்பவும் ரெண்டு பேர் நடுவுல பேசிட்டே இருப்பாங்கல்ல, அந்த ரெண்டு பேரும் என் பொறுப்பு."

"என் பத்துப் பேரும் அடுப்பைப் பாக்கணும். சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லு" என்றாள் மனைவி.

ரோலர்காரர் ஏறி நின்றார். "இன்னிக்கு மூணாம் நம்பர் மெஷின் ஓடாது" என்றார்.

"யாரோ தூக்கத்துல உளர்ற மாதிரி இருக்கு. சத்தமா."

"அப்பா தூங்கறாரு."

"தூங்கட்டும். மெஷின் ஓடலைன்னா அவர் என்ன எழுந்து வந்து ரிப்பேரா பண்ணப் போறாரு? எங்க, என்னைப் பாரு." அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூரை அதிர, "மூணாம் நம்பர் மெஷின் ஓடாது!" என்று முழங்கினாள்.

ரோலர்காரர் நாற்காலியிலிருந்து குதித்து அவள் வாயைப் பொத்தப் போய்விட்டார். அவர் முகம் வெளிறிவிட்டது. மகளோ, யாரும் சொல்லாமலே நுனிக்காலால் நடந்துபோய், உள்ளறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த தங்கைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டில் தான் பிறப்பதற்கு முன் என்ன நடந்தது என்பதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாளே தவிரக் கண்ணால் கண்டதில்லை. இப்போதுதான் கண்டாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. "அந்தக் கதவை ஏம்மா சாத்தற? இப்பத்தான் கொஞ்சம் கண்ணை அசத்துச்சு."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை கதவைத் திறந்தாள்.

"ஏம்ப்பா, என் சத்தத்துல முழிச்சுட்டீங்களா?"

"முழிக்கறதா? தூங்கினாத்தானே முழிக்க? சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஆலையில, அத்தனை மெஷினும் ஓடும், இடைவேளையில பஞ்சு மூட்டை மேல சாஞ்சேன்னா அடுத்த நிமிஷம் குறட்டைதான். வீட்டுக்கு வந்து படுத்தா ஒரு சத்தமும் இருக்காது. காதுக்குள்ள ஙொய்னு ஒரு இரைச்சல். எங்கேருந்து தூங்கறது?"

ரோலர்காரர் வாசற்படியில் நின்றார். "அப்ப, அந்தக் காலத்துல பகல்ல எல்லாம்..."

"கண்ணை மூடிப் படுத்திருப்பேன்."

"ஏம்ப்பா சொல்லல?"

வாழ்நாளில் அவர் தகப்பனாரிடம் கேட்ட கேள்விகளில் இதைவிடப் பெரியது இல்லை. கிழவர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா குழாய்க்குத் துணி கட்டினவ. ஒரு தட்டைக் கீழ வைக்கறதுன்னா குழந்தையைப் படுக்க வைக்கற மாதிரி வைப்பா. அரைக்கண்ணால பாத்துட்டே இருப்பேன். எனக்காக இவ்வளவும் பண்றவகிட்ட, தூக்கம் வரலைன்னு எந்த வாயால சொல்றது? மனசு ஒடைஞ்சு போயிடுவா. சரி, தூங்கற மாதிரியே இருந்துட்டுப் போவோம்னு இருந்துட்டேன். நீயும் பக்கத்துல உக்காந்து தரையில என்னமோ எழுதிட்டே இருப்ப. இந்த வயசுல என்ன பொறுமை, என்ன அடக்கம்னு நெனச்சுக்குவேன்."

"நான் பொறந்தப்புறம்?" என்றாள் தங்கை.

"நீ பொறந்தப்புறம்தாம்மா நான் தூங்கவே ஆரம்பிச்சேன். நீ கத்தின கத்தலுக்கு."

தங்கை சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள். ரோலர்காரர் கூடத்துக்குத் திரும்பி, ஏறி நின்ற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. தாயார்மேல் கோபப்பட்டால், குழாய்க்குக் கட்டிய அந்தக் கந்தல்மேல் கோபப்பட வேண்டும். தகப்பனார்மேல் கோபப்பட்டால், மனைவியின் மனம் நோகக்கூடாது என்று ஒன்பது ஆண்டுகள் தூங்காமல் கிடந்த மனிதர்மேல் கோபப்பட வேண்டும். இரண்டும் அவரால் ஆகவில்லை. ஒருவருக்கொருவர் காட்டிய அன்பில் இவ்வளவு செலவு மறைந்திருந்ததே என்று மட்டும் நினைத்துக்கொண்டார். மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். கையிலிருந்த வாணலியை எதன்மேலும் வைக்காமல் வெறுந்தரையில் 'டங்'கென்று வைத்தாள். ஓசைக்கு அவர் வழக்கம்போல் திடுக்கிட்டார். "பழகிக்கங்க" என்றாள்.

அன்றிலிருந்து தாத்தாவைத் தூங்க வைக்கும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். பாடப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தால் இரண்டாம் பக்கத்தில் குறட்டை கேட்கும்.

ஆனால் உண்மை தெரிந்துவிட்டதாலேயே குரல் வந்துவிடாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்யாத தசைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலைக்கு வந்துவிடுமா? செவ்வாய்க்கிழமை காலை அவர் மரப்பலகைமேல் ஏறி நின்று பேசியபோது முதல் வரிசைக்குக் கேட்டது. மற்றவர்கள் முதல் வரிசையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். புதன்கிழமை வயிற்றை எக்கிப் பேசினார். மூன்றாம் வரிசைவரை போயிற்று. பின்னாலிருந்து ஒருவன், "சைலன்சர் அண்ணே, இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர்!" என்று கத்த, கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, வீறாப்போடு, தங்கை சொல்லிக் கொடுத்தபடியெல்லாம் கத்திப் பழகினார். தகப்பனார் சுகமாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. இருந்த கொஞ்சக் குரலும் போய், காற்றுதான் வந்தது.

பலகைமேல் ஏறி நின்று, வாயைத் திறந்து, மூடினார். மேலாளர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரோலர்காரர் இறங்கிப் போய்த் துவாலையம்மாளின் காதில் ஏதோ சொன்னார். அம்மாள் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு பலகையருகே வந்து நின்றார்.

"தொண்டை கட்டிக்கிச்சாம். நான்தான் இன்னிக்கு ஒலிபெருக்கி. எல்லாரும் வாய மூடுங்க" என்று அறிவித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல உரக்கச் சொல்லத் தொடங்கினார். "பெரியாஸ்பத்திரித் துணியத் தனியா வெளுக்கணும். தொட்டவங்க கையுறையைக் கழட்டாம சாப்பிட உக்காரக் கூடாது, இது அவர் சொல்லல, நான் சொல்றேன். மூணாம் நம்பர் மெஷின் சரியாயிடுச்சு. என்னது? பின்வரிசைத் தம்பி ரோலருக்கு வரணுமாம். அதுக்காக மூஞ்சிய அப்படித் தூக்கி வச்சுக்காதப்பா."

வேலை பிசகின்றி நடந்தது. கூட்டமும் கலகலப்பாக முடிந்தது. ஆனால் மேற்பார்வையாளர் பதவிக்கு அம்மாளும் சேர்ந்து வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த மூன்று காலை உலர்த்தும் பிரிவுப் பெண் பேசினாள். அவள் குரல் மணிபோல் பின்வரிசைவரை போயிற்று.

அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் ஒட்டப்பட்ட அன்று, ரோலர்காரர் முதல் ஆளாகப் போய் அவளை வாழ்த்தினார். பிறகு, முந்தைய இரு முறையும் செய்ததைப்போல இயந்திரத்துக்குத் திரும்பாமல், மாடிப்படி ஏறி மேலாளரின் அறைக்குப் போனார்.

"உக்காருங்க. முடிவைப் பாத்திருப்பீங்க" என்றார் மேலாளர்.

"பாத்தேன் சார். ஏன்னு கேக்க வந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஏன்னு கேக்க வந்தேன்." இம்முறை வெளியே உட்கார்ந்திருந்த எழுத்தர் திரும்பிப் பார்த்தார்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "உங்க வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மெஷின் ஓடிட்டிருக்கு, ஒருத்தன் அவசரத்துல கைய உள்ள விடப் போறான். அந்தக் கோடியிலேருந்து கத்தி நிறுத்தணும். உங்களால முடியுமா? நீங்களே சொல்லுங்க."

ரோலர்காரர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "முடியாது சார்."

"அப்ப?"

"அந்தப் பதவி அந்தப் பொண்ணுக்குத்தான் சரி. அதை மாத்தச் சொல்லி வரல. இங்க சம்பளம் ஏறணும்னா ஒரே ஒரு படிதான் இருக்கு. அதுல ஏறக் குரல் வேணும். பதினெட்டு வயசுல வந்தவன் நான். எனக்குக் குரல் இல்ல. இனிமே பெரிசா வரவும் போறதில்ல. அப்ப நான் எந்தப் படியில ஏறறது?"

மேலாளரிடம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது, இதற்கு இல்லை. "நீங்களே ஏதாவது நெனச்சு வச்சிருக்கீங்களா?"

"புதுசா சேர்றவங்க முதல் ரெண்டு மூணு மாசம் விடற விரிப்புல பாதி தொட்டிக்குத் திரும்புது. யாரும் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்கறதில்ல. தூரத்துலேருந்து திட்டறதோட சரி. அவங்களை என்கிட்ட விடுங்க, ஒரு தடவைக்கு ரெண்டு பேரா. பக்கத்துல நின்னா என் குரல் கேக்கும். அதை ஒரு பதவியா ஆக்கி, அதுக்குரிய சம்பளத்தைக் கொடுங்க."

இவ்வளவு நீளமாக அவர் அந்தக் கட்டடத்துக்குள் ஒருபோதும் பேசியதில்லை. வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"யோசிக்கறேன்" என்றார் மேலாளர்.

ரோலர்காரர் எழுந்து கதவுவரை போனார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தார். "எப்ப சார் சொல்வீங்க?"

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கையின் தொலைபேசி அழைப்பு முந்திக்கொண்டு காத்திருந்தது. மனைவி அதை எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்திருந்தாள். மகள் புத்தகத்தை மூடினாள்.

"என்னாச்சுண்ணா?"

"பதவி கொடுத்துட்டாங்க. பயிற்சியாளர். திங்கக்கிழமையிலேருந்து."

"அடிச்சக்கை! சம்பளம்?"

"மேற்பார்வையாளருக்குக் கூடற அளவுல பாதி கூடும்."

"பாதியா? முழுசாக் கேக்கலையா நீ?"

"கேட்டேன். ஒரு வருஷம் போகட்டும்னாரு."

அதிகப்படியாகக் கேட்டுவிட்டோமோ என்று தங்கை தயங்கியிருக்க வேண்டும். பிறகு மெல்லக் கேட்டாள். "உனக்கு அது போதுமாண்ணா?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளில் எதைக் கேட்டாலும் அவர் தலையை ஆட்டி, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் ஒரு சொல் உண்டு. அவரும் அதைத்தான் சொல்லப் போனார். தலைகூட அசையத் தொடங்கிவிட்டது. ஆனால் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதாது" என்றார்.

தங்கை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. "அப்ப அடுத்த வருஷம் என்ன கேக்கறதுன்னு இப்பவே பேசிடுவோம்" என்றாள். ரோலர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.